வாசல்காரியின் மூன்று சுற்று

ஜூன் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் ஒருமுறை கேட்டாள்: "டீச்சர், நாம புத்தகத்தை மூடினப்புறம் உள்ள மாட்டிக்கிட்டவங்க என்ன பண்ணுவாங்க?" அன்று நான் படித்துக்காட்டிய கதையில் ஓர் இளவரசி கிணற்றுக்குள் இருந்தாள். மணி அடித்துவிட்டது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவிட்டேன். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; இவள் மட்டும் நகரவில்லை. "காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றேன். "யாருக்கு? நமக்கா?" என்றாள். நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளில் அதுவும் ஒன்று.

நேற்று உன் பதிப்பகத்திலிருந்து முதல் கட்டு வந்தது. நம்முடைய மங்கா படக்கதையின் ஏழு பாகங்களையும் ஒரே தொகுப்பாகப் போடுகிறார்களாம். ஆயிரத்து நூறு பக்கம். கதை எழுதியவள் என்பதால், பேச்சுக் குமிழ்களில் புதிதாக அடித்த எழுத்துகளை நான் சரிபார்த்துத் தரவேண்டும் என்று எடிட்டர் ஒரு சீட்டு வைத்திருந்தார். நீ அச்சகத்து மாடியில் தங்கிக் கடைசிப் பக்கத்தை வரைவதாகவும், ப்ரூஃப் கட்டோடு கடிதம் வைத்தால் உன் கைக்கு வரும் என்றும் அதில் எழுதியிருந்தார்.

ஒன்பது வருடம் பேசாமல் இருந்துவிட்டு, நலமா என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. அதனால் வேலையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலிலிருந்து மறுபடி படித்தேன். பழைய புராணங்களில் வரம் கேட்பவர்கள் எல்லாரும் அவசரத்தில்தான் சறுக்குவார்கள். நம் வாசல்காரியும் அப்படித்தான். பாதாளத்தின் ஏழாம் வாசலைக் காப்பவள், "இந்த வாசலை விட்டு என்னை யாராலும் நகர்த்த முடியக் கூடாது" என்று கேட்டாள். கிடைத்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த 'யாராலும்' என்பதில் அவளும் அடக்கம் என்று. இரண்டாம் பாகத்தில் கிழட்டுப் பாம்பு வழி சொல்கிறது: "உன் வாசல் மண்டபத்து இருட்டின் நடுவிலே ஒரு தூண் இருக்கிறது. அதை உன் வலக்கைப் பக்கம் வைத்து மூன்று சுற்று சுற்று. கதவு திறக்கும். இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றினால் இன்னும் இறுகும்." அவள் அந்தத் தூணைக் கண்டுபிடிப்பதே ஏழாம் பாகத்தில்தான்.

சரி, என் சந்தேகம் இது. முன்பு வாசல்காரி வலது கையில் வேல் பிடித்திருந்தாள். இப்போது வந்த எல்லாப் பக்கத்திலும் இடது கையில் பிடித்திருக்கிறாள். என்ன நடந்தது?

இன்னொரு சந்தேகமும் உண்டு. நீ கடைசிப் பக்கம் வரைவதாக எடிட்டர் சொல்கிறார். எந்தக் கடைசிப் பக்கம்? நான் எழுதிக் கொடுத்ததா, நீ வரைந்து அச்சிட்டதா?

அக்கா


ஜூன் 7

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிரித்தால் வேல் எந்தக் கையில் என்று கேள்வி. நீ மாறவே இல்லை.

அந்தக் காலத்தில் நாம் ஜப்பான்காரர்கள் மாதிரி வலமிருந்து இடமாகப் படிக்கும்படி பக்கம் பிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா? அதுதான் ஸ்டைல் என்று நான்தான் குதித்தேன். இப்போது எல்லாரும் வாங்கவேண்டும், யாரும் திணறக் கூடாது என்று, ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார்கள். எழுத்துகளும் திரும்பிப்போனதால் புதிதாக அடித்தார்கள். அதனால்தான் உன்னிடம் வந்தது. படங்கள் எல்லாம் இடக்கைக்காரர்கள் ஆகிவிட்டன. யார் கவனிக்கப்போகிறார்கள் என்கிறார் எடிட்டர்.

இங்கே இதற்கு 'அடைப்பு' என்று பெயர். பக்கம் தராத ஓவியரை மாடி அறையில் உட்கார வைப்பது. நானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதுதான். போன் எடிட்டர் மேசை டிராயரில் இருக்கிறது. கதவுக்குப் பூட்டு கிடையாது. அதற்குப் பதிலாக என் செருப்பை எடுத்துப்போய்விட்டார். "செருப்பில்லாம எங்க போயிடுவீங்க?" என்று சிரிக்கிறார். ஒரு கட்டில், ஒரு சாய்வு மேசை, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். கீழே மடிப்பு எந்திரம் ஓடும்போது மேசை நடுங்கும். அது நிற்கும் நேரத்தில் கோடு போடவேண்டும். கீழே புத்தகம் கட்டும் பைண்டர் சாப்பாடு கொண்டுவருகிறார். "இன்னிக்காவது விடுதலையாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை வைக்கிறார். பத்தொன்பது நாள் ஆயிற்று.

வரையவேண்டியது ஒரே ஒரு பக்கம். பழையது சின்னதாக இருக்கிறதாம். மூடிய கதவு. "அவ வெளிய வந்துட்டா அடுத்த தொடருக்கு யாரை வச்சு ஓட்டுறது? நல்லா, பெரிசா, ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து மூடுங்க" என்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் மூடினேன். இப்போது கை போகமாட்டேன் என்கிறது. எத்தனை தடவை வரைந்தாலும் இந்த அறைக் கதவு மாதிரியே வருகிறது.

தூணைச் சுற்றும் அந்தப் பன்னிரண்டு பக்கம் உனக்கு அடுத்த கட்டில் வரும். நான் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. திருப்பிப் போட்டதில் அவள் இடமாகச் சுற்றிக்கொண்டிருப்பாள். பாவம். பார்த்துவிட்டு எனக்குத் திட்டி எழுதாதே.

சின்னவள்


ஜூன் 11

சின்னவளுக்கு,

திட்டமாட்டேன். திட்டுவதற்கு ஒன்பது வருடம் இருந்தது. அப்போதே செய்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தது என் தப்பு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கணக்குப் பரீட்சையில் சில பிள்ளைகள் ஒவ்வொரு வரியும் சரியாகப் போட்டிருப்பார்கள். கடைசி வரியில், பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்த்து, சரியான விடையை அடித்துவிட்டுத் தப்பானதை எழுதியிருப்பார்கள். தெரியாதவர்கள் செய்யும் தப்பைவிட அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும். உன் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. பாம்பு சொன்னபடி சுற்றினாள், மூன்று சுற்றும் முடித்தாள். விடையை மட்டும் யாரையோ பார்த்து மாற்றிவிட்டாய்.

அப்போது என் வீட்டுக்காரர், உன் மாமா, படுக்கையில் விழுந்து எட்டு மாதம். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் அந்தப் பாகத்தை எழுதினேன். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பேன், இரண்டு வரி எழுதுவேன், மறுபடி புரட்டுவேன். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை, அதை நீ தெரிந்துகொள். நானாகத்தான் இருந்தேன். இருந்தாலும் வீட்டில் மாட்டியிருப்பவள் ஒருத்தி, காகிதத்தில் இன்னொருத்தி. ஒருத்தியையாவது வெளியே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை. புத்தகம் தபாலில் வந்த அன்று நேராகக் கடைசிப் பக்கத்தைத்தான் பிரித்தேன். கதவு மூடியிருந்தது. அதற்கு மேல் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கமும் நான் பார்க்கவில்லை.

நீ எழுதிய அறை எனக்குப் பழக்கமானதுதான். இங்கே மடிப்பு எந்திரம் மட்டும் கிடையாது. பூட்டில்லாத கதவைப் பற்றி நீ எனக்குச் சொல்லவேண்டாம்.

ஒரே ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல். அன்று ஏன் மூடினாய்?

அக்கா


ஜூன் 15

அக்கா,

எடிட்டர் சொன்னார், மூடினேன். இதுதான் இத்தனை நாளும் எல்லாருக்கும் நான் சொன்ன பதில். பாதி நிஜம்.

மீதியை இங்கே உட்கார்ந்துதான் எழுத முடிகிறது. வாசல்காரியின் முகம் உன் முகம். நீ எழுதிக் கொடுத்ததைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, நீ போக ஆசைப்படுகிறாய் என்று. அவள் கதவைத் திறந்துகொண்டு நடந்தால் நீயும் ஒருநாள் நடந்துவிடுவாய் என்று தோன்றியது. நீ போய்விட்டால் மாமாவை யார் பார்ப்பது? வேறு யார் இருக்கிறார்கள்? என் பெயர்தான் அடுத்து வரும். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அப்போதுதான் நாலு பேருக்கு என் கோடு தெரிய ஆரம்பித்திருந்தது. எடிட்டர் மூடச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. அவர் மேல் பழி போட ஒரு வழி கிடைத்ததே என்று.

உன்னை உள்ளே வைத்து நான்தான் மூடினேன்.

நேற்று இறங்கிப் போனேன். வெறுங்காலோடு. பைண்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பசை தடவிக்கொண்டே இருந்தார். தெருவில் வெயில் சுட்டது. பேருந்து நிறுத்தம் வரை போனேன். மூன்று பேருந்து போயின. ஏறவில்லை. ஏறினால் எங்கே போவது? உன் வீட்டைத் தவிர எந்த இடமும் நினைவுக்கு வரவில்லை. அங்கே வரவும் முடியாது. திரும்பி வந்து மாடி ஏறினேன். பைண்டர், "மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்றார். "என்னத்தை?" என்றேன். "போறதை" என்றார்.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

சின்னவள்


ஜூன் 20

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு மூன்று நாள் அதைத் தொடவில்லை. பதில் எழுதினால் கோபத்தில் எழுதுவேன். அதனால் வேலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பன்னிரண்டு பக்கம் வந்திருந்தது.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படி. தாண்டிப் படிக்காதே.

எழுத்துகளைச் சரிபார்த்தேன், தப்பில்லை. ஆனால் அவள் இடமாகச் சுற்றுவாள் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வலியைப் பார்த்துவிடலாம் என்று படத்தைப் பார்த்தேன். எனக்குக் குழப்பமாக இருந்தது. கண்ணால் பார்த்துப் புரியாததைக் காலால் செய்து பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஸ்டூலை அறையின் நடுவில் வைத்தேன். ப்ரூஃபைக் கையில் பிடித்துக்கொண்டு, படத்தில் அவள் நடப்பதுபோலவே நடந்தேன்.

மாமா பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தொலைஞ்சுபோச்சு?" என்றார்.

"ஒண்ணும் தொலையலை. சுத்துறேன்."

"தலை சுத்துதா?"

"நான் சுத்துறேங்க, தலை இல்ல."

"ஸ்டூலு பாவம், அதை விடு" என்றார்.

இரண்டாம் சுற்றில் நின்றுவிட்டேன். ஸ்டூல் என் வலக்கைப் பக்கம் இருந்தது. மறுபடி படத்தைப் பார்த்தேன். தூணும் அவள் வலக்கைப் பக்கம்தான். பன்னிரண்டு பக்கமும் அப்படியே. புதுத் தொகுப்பில் அவள் சரியாகச் சுற்றுகிறாள்!

அப்படியானால் பழையதில்? பெட்டியின் அடியிலிருந்து ஒன்பது வருடம் தொடாத ஏழாம் பாகத்தை எடுத்தேன். தூண் இடக்கைப் பக்கம். ஒரு கட்டம்கூட விலக்கில்லை. பாம்பு எதைச் செய்யாதே என்றதோ அதையே மூன்று சுற்றும் செய்திருக்கிறாள்.

எப்படி நடந்தது என்று யோசித்தேன். நீ என்னைப் பார்த்துத்தானே வரைந்தாய்? இதே அறையில். கட்டிலும் மருந்து மேசையும் போக, நீ தள்ளி உட்கார்ந்து என்னை முழுசாகப் பார்க்க இடமில்லை. அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு பீரோக் கண்ணாடியில் என்னைப் பார்த்து வரைந்தாய். நான் ஸ்டூலைச் சரியாகத்தான் சுற்றினேன். கண்ணாடி மாற்றிவிட்டது. நீ கண்ணாடியை நம்பினாய், நான் உன்னை நம்பினேன். கோபத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்த எனக்கு இது கண்ணில் படவேயில்லை. இப்போது கணினியில் இன்னொரு முறை திருப்பியதும் அது நேராகிவிட்டது.

நான் சொன்ன கணக்கு உதாரணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வரிகள் சரி, விடை தப்பு என்று சொன்னேன். இல்லை. வரிகளே தப்பு. அந்தத் தப்புக்கு மூடிய கதவுதான் சரியான விடை. நீ என்ன நினைத்து மூடினாய் என்பது வேறு விஷயம். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஆனால் இந்தத் தொகுப்பில் வரிகள் சரி. பாம்பு சொன்னதை அவள் செய்துவிட்டாள். இனி கதவை மூடி வைக்க எடிட்டருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. அவரிடம் போய் ஸ்டூலைச் சுற்றிக் காட்டு.

அக்கா


ஜூன் 24

அக்கா,

காட்டினேன். இரண்டு முறை.

பன்னிரண்டு பக்கத்தையும் மேசையில் பரப்பி வைத்து, எடிட்டரை எழுந்து நிற்கச் சொல்லி, குப்பைக் கூடையைச் சுற்ற வைத்தேன். மனிதர் முதல் சுற்றிலேயே வெளுத்துவிட்டார்.

"அந்தப் பன்னெண்டை மட்டும் திருப்பாம போட்ருவோம்" என்றார்.

"அப்ப கட்டமெல்லாம் பின்னால இருந்து முன்னால ஓடும். முதல்ல சுத்தி முடிப்பா, அப்புறம் தூணைக் கண்டுபிடிப்பா."

"பாம்பு பேசுறதை மாத்திடலாமே. வலக்கையை இடக்கைன்னு அடிச்சிட்டா?"

வாசலில் நின்ற பைண்டர், "ரெண்டாம் பாகம் போன வாரமே அச்சாகி, மடிச்சு, கட்டிக் கீழ கிடக்குதுங்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்ப இந்தப் பன்னெண்டைப் புதுசா வரைஞ்சு குடுங்க."

"குடுக்கலாம். மூணு மாசம் ஆகும். செருப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்."

எடிட்டர் உட்கார்ந்துவிட்டார். "யார் கவனிக்கப்போறா?" என்று மெதுவாகச் சொன்னார். "ஒருத்தங்க கவனிச்சுட்டாங்களே" என்றேன். "யாரு?" "எங்க அக்கா." "டீச்சரா?" "ஆமா." குப்பைக் கூடையைக் காலால் தள்ளினார். அப்புறம், "இனிமே டீச்சருங்களுக்கு ப்ரூஃப் அனுப்பக் கூடாது" என்றார். இவ்வளவு நாள் என்னை உட்கார வைத்தவர், அந்த நாற்காலியில் எப்படி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தெரியுமா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

"திறங்க" என்றார். அவ்வளவுதான்.

மேலே வந்து பென்சிலை எடுத்தேன். கதவைத் திறந்து வரைந்தேன். அப்புறம்தான் பயம் வந்தது. திறந்தால் வெளியே என்ன இருக்கவேண்டும்? மலை, ஆறு, சூரியன் எல்லாம் போட்டுப் பார்த்தேன். காலண்டர் மாதிரி இருந்தது. உன் சீட்டில் நீ "கதவு திறக்கிறது. அவள் போகிறாள்" என்று மட்டும்தான் எழுதியிருந்தாய். மறுபடி கேட்க உன் கடிதம் வரும்வரை பொறுக்க முடியவில்லை. அதனால் வெளியே எதையும் வரையவில்லை. வெள்ளையாக விட்டுவிட்டேன். அவளையும் வரையவில்லை, போய்விட்டாள். வாசலை மட்டும் வரைந்தேன். அவள் இத்தனை யுகம் நின்ற இடத்தில் கல் தேய்ந்து, இரண்டு பாதம் அளவுக்குப் பளபளவென்று இருக்கிறது. வேல் சுவரில் சாய்ந்திருக்கிறது. அவ்வளவே.

பைண்டர் பார்த்தார். "ஆளையே காணோமே" என்றார். அப்புறம் அவரே, "ஆமா, அதான" என்றார்.

எடிட்டர் செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். போட்டுக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்குப் போகலாம். ஆனால் நீ 'அப்புறம் எழுதுகிறேன்' என்று ஒன்றை விட்டு வைத்திருக்கிறாய். அது வராமல் எனக்கு எங்கே போனாலும் இந்த அறைதான்.

சின்னவள்


ஜூன் 28

அன்புள்ள சின்னவளுக்கு,

விட்டு வைத்ததை எழுதுகிறேன்.

நீ பயந்தது வீண் பயம் இல்லை. அந்த எட்டாவது மாதத்தில் நான் ஒருநாள் பையில் இரண்டு புடவை எடுத்து வைத்தேன். மாலை வரை அது கட்டிலடியில் இருந்தது. அப்புறம் நானே எடுத்து அலமாரியில் அடுக்கினேன். உன் பக்கத்தைப் பார்த்து அடுக்கவில்லை. அது அச்சாக இன்னும் நாள் இருந்தது. அதனால் என்னை உள்ளே வைத்து மூடியது நீ இல்லை. அந்தப் பெருமையை உனக்குத் தரமாட்டேன்.

ஆனால் சந்தோஷப்பட்டேன் என்று எழுதியிருந்தாயே, அது வலித்தது. இன்னும் கொஞ்ச நாள் வலிக்கும். பரவாயில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பொய்யான விடைக்கு நான் என்றும் மதிப்பெண் போட்டதில்லை.

மாமாவுக்கு இப்போது எழுபது வயது. நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. நான் அவரை விட்டுப் போகப்போவதில்லை. ஆனால் ஒன்பது வருடத்தில், மருந்துக் கடையைத் தவிர, திரும்பிவர அவசரமில்லாமல் நான் எங்கேயும் நடந்ததில்லை. என் வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டால் நானும் உன்னைப்போல வெள்ளையாகத்தான் விடவேண்டும். எனக்கு ஆறு வேண்டாம், மலை வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

அதனால் உன் வீட்டுக்குப் போகாதே. அந்தப் பேருந்தில் ஏறி நேராக இங்கே வா. வந்ததும் அழாதே, மன்னிப்பும் கேட்காதே, அதற்கெல்லாம் பிறகு நேரம் இருக்கிறது. நான் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள். "நீ யாரு?" என்று அவர் உன்னைக் கேட்பார். சொன்னால் தலையாட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பார், அப்புறம் இன்னொரு முறை.

மூன்று தடவையும், முதல் தடவை சொல்வதுபோலவே பதில் சொல்லிப் பார்.

அக்கா